உலாவியும் ஒற்றர்களும்

குரோம் என்னும் தங்கள் உலாவியில் "யூபிளாக் ஆரிஜின்" என்ற நீட்டிப்பு இனி வேலை செய்யாதபடி கூகிள் கம்பெனியார் 2025-ம் வருஷத்தில் கதவை முற்றிலும் சாத்திவிட்டார்கள். 2024 ஜூன் மாதத்தில் தொடங்கிய காரியம் படிப்படியாய் நடந்து முடிந்தது. இது கம்ப்யூட்டர் நிபுணர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் கூட ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் உட்கார்ந்து எதைப் படிக்கிறான் என்பதைப் பிறர் வேவு பார்ப்பதும், அந்த வேவைத் தடுக்க அவன் தானே போட்டுக்கொண்ட தாழ்ப்பாளை மற்றொருவர் கழற்றிவிடுவதும் அரசியல் விஷயமல்லவென்றால், பின் அரசியல் என்பதுதான் எது?

உலாவி என்பது இணையத்தின் பக்கங்களைத் திறந்து காட்டும் கருவி. நீட்டிப்பு என்பது அக்கருவியோடு வெளியார் செய்து சேர்க்கும் சிறு உறுப்பு. மோஸில்லா ஸ்தாபனத்தார் இதையே துணை நிரல் என்பார்கள். எழுத்துப் பிழை திருத்தும் நீட்டிப்பு உண்டு. விலை ஒப்பிட்டுச் சொல்லும் நீட்டிப்பு உண்டு. இங்கே நாம் எடுத்துக்கொண்டது அந்தரங்கத்தைக் காக்கும் நீட்டிப்புகளை மட்டுமே.

காப்பது எதனிடமிருந்து என்று கேட்கலாம். பென்னலூரில், பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், பொறியியற் கல்லூரி ஒன்று இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும், சுங்குவார்சத்திரத்திலும், ஒரகடத்திலும் எழுந்திருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் இரவு பகலாக இந்தப் பிரதேசத்துச் சாலைகளில் ஓடுகின்றன. இங்கே வேலை தேடும் டிப்ளமாக்காரப் பிள்ளை ஒருவன் ஒரு வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கேட்டது ஒரு பக்கம். அதனோடு கூட, அவன் பெயரே கேட்டறியாத பல கம்பெனிகளின் துணுக்கு நிரல்களும் வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் அவனுடைய உலாவியில் "குக்கி" என்னும் ஓர் அடையாளக் குறியை இட்டுச் செல்கிறது. சற்று நேரத்தில் அவன் கடன் வட்டி பற்றியோ, தாயாரின் வியாதி பற்றியோ மற்றொரு பக்கத்தைப் பார்க்கிறான். அங்கும் அதே கம்பெனியின் நிரல் காத்திருந்து, தான் முன்பு இட்ட குறியைக் கண்டு, "அந்தப் பையன் இங்கும் வந்தான்" என்று எழுதிக்கொள்கிறது. குறியை அழித்துவிட்டாலும், திரையின் அளவு, எழுத்துருக்கள், கருவியின் சிறு சிறு இயல்புகள் இவற்றைச் சேர்த்துக் கைரேகை போல் ஆளை அடையாளம் காணும் வித்தையும் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. அவன் பார்க்கும் பக்கத்தில் காலியாயிருக்கும் விளம்பர இடம், பக்கம் திறந்து முடிவதற்குள் ஏலம் போடப்படுகிறது. ஏலத்தில் சேருகிறவர்களுக்கெல்லாம் அவன் எங்கே இருக்கிறான், என்ன கருவி வைத்திருக்கிறான், எதைப் படிக்கிறான் என்ற விவரம் அனுப்பப்படுகிறது. ஏலத்தில் ஜெயிப்பவன் ஒருவன்; விவரத்தைப் பெறுபவர்களோ அநேகர். தோற்றவன் அந்த விவரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் மொபைல்வாலா என்ற தரவுத் தரகுக் கம்பெனி, தான் ஜெயிக்காத ஏலங்களிலிருந்தும் ஜனங்களின் விவரங்களை அள்ளிச் சேர்த்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2024 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. 2020-ம் வருஷத்தில் ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்டதைக் கண்டித்து ஊர்வலம் போனவர்களின் இனம், வயது முதலியவற்றைக் கணித்து அறிக்கை வெளியிட்டதும் இதே கம்பெனிதான். சோப்பு விற்பதற்காகச் சேகரிக்கப்படும் விவரம் ஊர்வலக்காரர்களை எண்ணுவதற்கும் உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ருஜு வேண்டுமா?

2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சுங்குவார்சத்திரத்து ஸாம்ஸங் தொழிற்சாலையில் 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் வைக்கும் உரிமையே அதில் முக்கியமான பிரச்னை. அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு தொழிலாளி தொழிற்சங்கச் சட்டம் என்ன சொல்கிறது, பதிவு செய்வது எப்படி, வேலையிலிருந்து நீக்கினால் எங்கே முறையிடுவது என்று தேடிப் படிப்பான், படிக்கவும் வேண்டும். அவன் படித்ததை வேறெவரேனும் அறிந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அறிய முடியும், விலை கொடுத்தால் வாங்கவும் முடியும் என்ற நிலைமை ஒன்றே போதும். படிக்க நினைத்தவன் படிக்காமலே விட்டுவிடுவான். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வசித்த காலத்தில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவர் வீட்டைச் சுற்றி வந்ததும், அவருக்கு வரும் கடிதங்களையும் மணியார்டர்களையும் வழிமறித்ததும் நம் வாசகர்கள் அறிந்ததே. அந்த ஒற்றனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. மழையில் நனைந்துகொண்டு திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது. இன்றைய ஒற்றனுக்குச் சம்பளம் இல்லை, தூக்கமும் இல்லை. ஒரு பாரதியாரைத் தொடர்ந்த காலம் போய், கோடிக்கணக்கான பேரை ஒரே சமயத்தில் தொடரும் காலம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் நீட்டிப்பு என்ன செய்கிறது? யூபிளாக் ஆரிஜினைச் செய்தவர் கனடா தேசத்து ரேமண்ட் ஹில் என்பவர். இன்னின்ன விலாசங்கள் வேவுக்காரருடையவை என்று தொண்டர்கள் தொகுத்துவைத்த பட்டியல்களைக் கொண்டு, அந்த விலாசங்களுக்கு உலாவி போய்க் கேட்பதையே அது நிறுத்திவிடுகிறது. கேட்காததால் துணுக்கு நிரல் வருவதில்லை. வராததால் குறி இடுவதில்லை. பக்கமும் விரைவில் திறக்கிறது. மாதக் கணக்கில் வாங்கிய டேட்டாவும் மிச்சமாகிறது. பட்டியல் தொகுப்போர் பலர் கூலி வாங்காதவர்கள். ஹில் நன்கொடையே வேண்டாமென்று மறுத்துவருகிறவர். அமெரிக்காவின் மின்னணு எல்லைப்புற நிறுவனத்தார் 2014-ல் வெளியிட்ட "பிரைவஸி பேட்ஜர்" என்பது வேறொரு வழியில் போகிறது: சம்பந்தமில்லாத பல தளங்களில் ஒரே ஆள் பின்தொடர்ந்து வந்தால் அவனைத் தடுத்துவிடுகிறது. அதே நிறுவனத்தார் டார் திட்டத்தாரோடு சேர்ந்து 2010-ல் வெளியிட்ட மற்றொரு நீட்டிப்பு, உலாவிக்கும் தளத்துக்கும் நடுவே போகும் கடிதத்தை உறையிலிட்டு முத்திரை வைத்தே அனுப்பச் செய்தது. பிற்பாடு உலாவிகளே அந்த வேலையை ஏற்றுக்கொண்டதால், 2023-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தன் வேலை முடிந்ததென்று தானே விலகிக்கொள்ளும் தொண்டனைப் பொது வாழ்வில் நாம் அதிகம் கண்டதில்லை!

அந்தரங்கம் மட்டுமல்ல, பணத்துக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. பாங்கியின் உதவி எண்ணைத் தேடுகிறவனுக்குத் தேடுபொறியின் உச்சியில் மோசக்காரன் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் வந்து நிற்கிறது. அவன் அந்த எண்ணைக் கூப்பிட்டு மாட்டிக்கொள்கிறான். இந்த விதமான மோசடியைச் சுட்டிக்காட்டி, தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. இலாகாவே 2022 டிசம்பரில் ஜனங்களுக்கு யோசனை கூறியது. சைபர் மோசடிகளால் 2024-ம் வருஷத்தில் மட்டும் நம் நாட்டு மக்கள் 22,845 கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததாகப் பாராளுமன்றத்தில் சர்க்காரே தெரிவித்திருக்கிறார்கள். முந்திய வருஷத்தில் அது 7,465 கோடி. முழுவதும் விளம்பர வழியாய்ப் போனதல்ல. ஆனால் அந்த வழியும் ஒன்று. ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால் பணத்தை நடுவழியில் மடக்கச் சில சமயம் இயலும். தாமதித்தால் இயலாது.

பத்திரிகை நடத்தும் நாம் விளம்பரத்தைத் தடுக்கும் கருவிக்குப் பரிந்து பேசுவது விந்தையாகப் படலாம். பத்திரிகைகள் விளம்பரத்தால் ஜீவிக்கின்றன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பத்திரிகையில் அச்சான வேஷ்டி விளம்பரம், வாசகன் பத்திரிகையை மடித்து வைத்தபின் அவன் பின்னால் வீட்டுக்குப் போய், அவன் யாரோடு பேசுகிறான் என்று ஒட்டுக்கேட்டதில்லை. நாம் ஆட்சேபிப்பது விளம்பரத்தை அல்ல, வேவை.

ஆயினும் நீட்டிப்புகளைப் பற்றிப் புகழ்ச்சியாகவே பேசிக்கொண்டு போவது வாசகர்களுக்குச் செய்யும் துரோகமாகும். ஒரு நீட்டிப்பை ஏற்கும்போது, "நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும்" அதற்கு அனுமதி தரும்படி உலாவி கேட்கிறது. நம்மவர்கள் அதைப் படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிடுகிறார்கள். கோர்ட்டில் இப்படி ஒரு பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு வருகிற கட்சிக்காரனை எந்த வக்கீல்தான் காப்பாற்ற முடியும்? ஒற்றனைத் தடுக்க வைத்த காவற்காரனிடம் வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்கிறோம். அவன் யோக்கியனா என்பதே முதற் கேள்வி.

யோக்கியனாயிராத சந்தர்ப்பங்கள் பல. எந்தத் தளம் நம்பத் தகுந்தது என்று சொல்லுவதற்காகவே ஏற்பட்ட "வெப் ஆப் டிரஸ்ட்" என்ற நீட்டிப்பு, தன்னை நம்பினவர்கள் எங்கெங்கே போனார்கள் என்ற சரித்திரத்தையே விற்றுவந்தது என்று ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு ஸ்தாபனத்தார் 2016-ல் வெளிப்படுத்தினார்கள். வைரஸைத் தடுப்பதில் பேர்போன அவாஸ்ட் கம்பெனியார் தங்கள் நீட்டிப்புகள் மூலமாகவும் மென்பொருள் மூலமாகவும் சேர்த்த உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தங்கள் கிளைக் கம்பெனியின் வழியாக விற்றார்கள். 2020 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டுக் கிளை மூடப்பட்டது. 2024-ல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டும்படியாயிற்று. இவை காவற்காரனே கள்ளனான கதைகள். நல்ல காவற்காரன் வேலையை வேறொருவனுக்கு விற்றுவிட்டுப் போன கதையும் உண்டு. "கிரேட் ஸஸ்பெண்டர்" என்ற நீட்டிப்பை 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் 2020-ல் பெயர் தெரியாத ஒருவருக்கு அதை விற்றுவிட்டார். வாங்கினவர் அதற்குள் கெட்ட நிரலை வைத்தார்; 2021 பிப்ரவரியில் கூகிளே அதை அகற்றிற்று. வாடிக்கையாளர் எவரும் புதிதாக எதையும் ஏற்கவில்லை. பழைய சம்மதமே புதிய எஜமானனுக்குச் சேர்ந்துவிட்டது. 2024 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஸைபர்ஹேவன் கம்பெனியின் ஊழியர் ஒருவர் போலிக் கடிதத்தில் சிக்க, அக்கம்பெனியின் நீட்டிப்பே திருட்டு நிரலாக மாற்றப்பட்டுச் சுமார் 4 லட்சம் பேருக்குப் போயிற்று.

நம் சர்க்காரின் ஸெர்ட்-இன் ஸ்தாபனமும் 2020-ல், கூகிள் நூற்றுக்கு மேற்பட்ட கெட்ட நீட்டிப்புகளை அகற்றிய சமயத்தில், ஜாக்கிரதையாயிருக்கும்படி எச்சரித்தது. ஆகவே நாம் சொல்லக்கூடியது இதுதான். அந்தரங்கம் காக்கும் நீட்டிப்பு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பத்துக் காவற்காரரை வைத்தவன் வீட்டில் பத்துச் சாவி வெளியே திரிகிறது. நிரலைப் பகிரங்கமாக எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களா, வருமானம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தே ஏற்கவேண்டும். பெயரைக் கூர்ந்து பார்ப்பதும் அவசியம்: "யூபிளாக்" என்பது வேறு, "யூபிளாக் ஆரிஜின்" என்பது வேறு. முன்னதை ஹில் 2015-ல் பிறர் கையில் ஒப்படைத்தார். அது 2018-ல் ஒரு கம்பெனியின் வசமாயிற்று. "ஆட்பிளாக் பிளஸ்" என்னும் பேர்போன நீட்டிப்போ, "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்ற பெயரால் 2011 முதல் சிலவற்றை உள்ளே விட்டுவருகிறது; பெரிய கம்பெனிகள் அதற்குக் கட்டணமும் செலுத்துகின்றன. சுங்கச் சாவடிக்கும் காவல் நிலையத்துக்கும் உள்ள பேதத்தை நம் வாசகர்கள் அறிவார்கள்.

இனி கூகிளின் நியாயத்தைக் கேட்போம். நீட்டிப்புகளுக்கு எல்லையற்ற அதிகாரம் இருந்ததால்தான் மேற்சொன்ன மோசங்கள் நடந்தன. ஆகவே "மானிபெஸ்ட் வி3" என்ற புதிய விதிகளால் அந்த அதிகாரத்தைக் குறைக்கிறோம். உலாவியும் வேகமாகும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விதிகளின் ஷரத்துக்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படுகிறது. போகிற வருகிற போக்குவரத்தை நீட்டிப்பு பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற அதிகாரம் புதிய விதியிலும் இருக்கிறது. பார்த்ததை அப்போதைக்கப்போது தன் யுக்திப்படி தடுக்கும் அதிகாரத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். முன்கூட்டி எழுதிக் கொடுத்த, எண்ணிக்கை வரையறுத்த விதிகளின்படியே இனித் தடுக்கலாம். அதாவது, வேவு பார்க்க விரும்பும் நீட்டிப்புக்கு வேலை போகவில்லை. வேவைத் தடுக்கும் நீட்டிப்புக்குக் கை கட்டப்பட்டது. திருடனுக்குப் பயந்து காவற்காரனின் தடியைப் பிடுங்கினாற் போலாயிற்று. கூகிளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட் 2024-ல் ஈட்டிய சுமார் 35,000 கோடி டாலரில் நாலில் மூன்று பங்கு விளம்பர வருமானம். உலகில் அதிகம் பேர் உபயோகிக்கும் உலாவியும், உலகின் பெரிய விளம்பர வியாபாரமும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை வரையும் விதி எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க அதிக மதி வேண்டியதில்லை. தடுப்பு நீட்டிப்பின் சுருங்கிய பதிப்பொன்று, "லைட்" என்ற பெயரோடு, குரோமில் இன்னும் வேலை செய்கிறது. முழுப் பலத்தோடு வேண்டுமென்றால் பயர்பாக்ஸுக்குப் போகவேண்டும். மோஸில்லா ஸ்தாபனத்தார் பழைய வழியையும் மூடவில்லை. ஆனால் பயர்பாக்ஸின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகிள் கொடுக்கும் தேடுபொறிப் பணமே என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் முழு உண்மை சொன்னவராக மாட்டோம்.

இவ்வளவும் மடிக்கணினி வைத்திருப்பவர்களைப் பற்றிய பேச்சு. பென்னலூர்க் கல்லூரி மாணவன் இந்தத் தலையங்கத்தைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் தன் உலாவியைச் சரிசெய்துகொள்வான். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களின் கதி என்ன? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அந்த விடுதியில் மடிக்கணினிகள் எத்தனை இருக்கும்? அவர்களுக்குக் கையிலுள்ள போனே கம்ப்யூட்டர், பாங்கி, பள்ளிக்கூடம், தபாலாபீஸ் எல்லாம். வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருகிறது. போனில் உள்ள குரோமோ நீட்டிப்பு எதையும் என்றுமே ஏற்றதில்லை. கல்லூரிக்காரனிடமிருந்து 2025-ல் பிடுங்கப்பட்டது தொழிலாளிக்கு ஒரு நாளும் கொடுக்கப்படவேயில்லை!

முன்கூட்டி ஏற்றி அனுப்புவது பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போன் கம்பெனிகள் கூகிளின் செயலிகளையெல்லாம் ஒரே மூட்டையாக ஏற்றிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தியது அதில் ஒரு குற்றம். அந்த மூட்டையில் குரோமும் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளைத் தள்ளினாலும் அபராதத்தை 2023 மார்ச்சில் ஊர்ஜிதம் செய்தது. ஆணையத்தார் சந்தைப் போட்டியைப் பார்த்தார்கள். அது அவர்கள் கடமை. அந்த மூட்டையிலுள்ள உலாவி பிரஜையின் தாழ்ப்பாளை ஏற்க மறுப்பது பற்றி அங்கே வாதிட ஒருவருமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஐபோனின் உலாவி 2015 முதல் தடுப்புக் கருவிகளை ஏற்றுவருகிறது. அந்த ஐபோன்கள் பாக்ஸ்கான் தொழிற்சாலையில், இதே பிரதேசத்துப் பெண்களின் விரல்களால்தான் கோக்கப்படுகின்றன. கோக்கிறவள் வீட்டுக்கு எடுத்துப் போகிற போன் அதுவல்ல.

வழி அடியோடு இல்லை என்று சொல்லமாட்டோம். ஆண்ட்ராய்டு போனில் பயர்பாக்ஸை இறக்கிக்கொண்டால், 2023 டிசம்பர் முதல் நூற்றுக்கணக்கான துணை நிரல்கள் கிடைக்கின்றன. யூபிளாக் ஆரிஜினும் அவற்றில் ஒன்று. செலவு ஒன்றுமில்லை. சங்க ஊழியர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூறு பேருக்குச் செய்து கொடுத்துவிடலாம். ஆனால் போனில் உலாவிக்கு வெளியே செயலிகள் இருக்கின்றன. அவற்றை நீட்டிப்பு தொடமுடியாது. அமைப்புகளில் "பிரைவேட் டி.என்.எஸ்." என்ற இடத்தில், வேவு விலாசங்களைத் தடுக்கும் சேவை ஒன்றின் பெயரை எழுதினால் செயலிகளின் வேவும் ஓரளவு குறையும். அப்போதும் நம்பிக்கையை அந்தச் சேவைக்காரரிடம் மாற்றி வைக்கிறோமே தவிர வேறில்லை.

சுதேசி உலாவியே இதற்கு மருந்து என்று சிலர் சொல்லுகிறார்கள். மத்திய சர்க்கார் 2023-ல் நடத்தத் தொடங்கிய இந்திய உலாவிப் போட்டியில், 2025 மார்ச்சில், நம் தமிழ்நாட்டு ஜோஹோ கம்பெனியார் முதற் பரிசான ஒரு கோடி ரூபாயைப் பெற்றார்கள். அவர்களுடைய உலாவியின் பெயர் "உலா". நல்ல தமிழ்ப் பெயர். விளம்பரத் தடுப்பு அதில் உடன்பிறந்ததாகவே இருக்கிறது. விளம்பர வியாபாரம் செய்யாத கம்பெனி செய்த உலாவி என்பதும் கவனிக்கத் தக்கது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்றுக்கொண்டே இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும். உலாவின் அஸ்திவாரம், கூகிள் முன்னின்று பராமரிக்கும் குரோமியம். அதன் நிரல் பகிரங்கமானது. யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் மூலத்தில் கூகிள் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதிலிருந்து விலகி நிற்பது பெரும் பிரயாசை. கைராட்டை நம்முடையது, பஞ்சு லங்காஷயரிலிருந்து வருகிறது என்றால் கதரின் கதி என்ன?

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். உலாவி, நம் சர்க்காரின் சான்றிதழ் அதிகாரியின் மூல முத்திரையை நம்பவேண்டும் என்பது அந்தப் போட்டியின் நிபந்தனைகளில் ஒன்று. முத்திரை வைத்த உறை என்று மேலே சொன்னோமே, அந்த முத்திரை யாருடையது என்று உலாவி சோதிப்பது இத்தகைய சான்றிதழ்களைக் கொண்டுதான். 2014 ஜூலையில், தேசியத் தகவல் மையத்தின் சான்றிதழ் அதிகாரத்தின் கீழ், கூகிள், யாஹூ ஆகியவற்றின் பெயரால் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானது கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றை ரத்து செய்ய நேர்ந்தது. அதன் பேரில் கூகிள் நம் நாட்டு முத்திரையை ஒரு சில விலாசங்களுக்கு மட்டுமே செல்லும்படி குறுக்கிவிட்டது. அந்நியக் கம்பெனி நம் சர்க்காரின் முத்திரையைக் குறுக்குவது சுயமரியாதைக்கு இழுக்கு என்பது ஒரு பக்ஷம். உள்ளூர் முத்திரை போலியாகும்போது பிரஜையின் கடிதத்தை அப்போது காத்தது அந்த அந்நியக் கம்பெனிதான் என்பது மற்றொரு பக்ஷம். இரண்டும் உண்மை. கூகிளின் வேவிலிருந்து தப்பி நம்மவர் வேவில் விழுவது சுதேசியம் ஆகாது.

நம்மவர்களும் வேவு பார்ப்பார்களா என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லுகிறோம். 2015 ஜூன் மாதத்தில், ஏர்டெல் கம்பெனியின் 3ஜி வழியாக வரும் பக்கங்களில் நடுவழியிலேயே அந்நிய நிரல் செருகப்படுவதைப் பெங்களூர் நிரலாளர் ஒருவர் கண்டு வெளியிட்டார். அதற்குப் பரிசாக, அந்த நிரலுக்குச் சொந்தக்காரரான இஸ்ரேல் தேசத்துக் கம்பெனியிடமிருந்து, கிரிமினல் நடவடிக்கை எடுப்போமென்று அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது! வாடிக்கையாளரின் உபயோகத்தை அளக்கவே பரீட்சித்தோம் என்றும், நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லையென்றும் ஏர்டெல்லார் சொன்னார்கள். வீட்டுக்குள் யாரோ ஏறிக் குதித்ததைக் கண்டு சொன்னவன் மேல், குதித்தவனுடைய செருப்பைத் தொட்டுப் பார்த்தான் என்று பிராது கொடுத்த கதை இது.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முகமாக 2017 ஆகஸ்டு 24-ந் தேதி புட்டசாமி வழக்கில் தீர்ப்புக் கூறினார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023-ல், தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் வெளிவர மேலும் இரண்டு வருஷமாகி, 2025 நவம்பரில் பிரசுரமாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதற்குப் பின் பதினெட்டு மாதம் கழித்தே அமுலுக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். சம்மதம் கேட்டே விவரம் எடுக்கவேண்டும் என்ற கொள்கை நல்லதே. மற்ற ஷரத்துக்களையும் படித்துப் பாருங்கள். தவறு செய்யும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்; அது முழுவதும் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். அந்தரங்கத்தை இழந்தவனுக்கு ஒரு காசு கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில் நஷ்ட ஈடு கேட்க இருந்த வழியையும் நீக்கும்படி இச்சட்டமே செய்கிறது. பொய்யான அல்லது அற்பமான பிராது கொடுத்தால் பிரஜைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று மட்டும் மறவாமல் எழுதியிருக்கிறார்கள். சர்க்கார் தன் ஸ்தாபனங்களை இச்சட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள 17-வது பிரிவு இடம் கொடுக்கிறது. வெள்ளைக்காரர்கள் 1898-ல் செய்த தபால் சட்டம் கடிதத்தைப் பிரிக்க அதிகாரம் கொடுத்திருந்தது. அதை எடுத்துவிட்டு 2023-ல் நம்மவர் செய்த தபால் சட்டத்திலும் அந்த அதிகாரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே, சட்டம் முழு உருவத்தில் வரும்வரையில் பிரஜையின் கையில் இருப்பது இந்தச் சிறு தாழ்ப்பாள் ஒன்றுதான். அதுவும் கூர்ந்த அறிவும் மடிக்கணினியும் உள்ளவன் கையில்தான். இதைச் சரிசெய்ய டில்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சென்னையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷங்களில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டாப்ளெட் கொடுப்பதென்று தமிழ்நாடு சர்க்கார் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இப்படிச் சர்க்கார் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கருவியிலும், வேவைத் தடுக்கும் பகிரங்க நிரலுள்ள நீட்டிப்பு ஒன்றை ஏற்றித் தரவேண்டும். அதை ஏற்கும் உலாவி ஒன்றும் உடன் இருக்கவேண்டும். கருவியை விற்பவருக்கு இதனால் செலவு இல்லை, சர்க்காருக்கும் இல்லை. எல்காட் காரியாலயத்தின் டெண்டர் நிபந்தனைகளில் ஒரு வரி கூடும். தொழிலாளர் விடுதிகளைக் கட்டி நடத்தும் சிப்காட் அதிகாரிகளும், அவ்விடங்களில் உள்ள வைபையின் டி.என்.எஸ்ஸை இதே விதமாய் அமைத்துவிட்டு, யாருடைய சேவையை அமைத்திருக்கிறார்கள் என்பதை வாயிற்படியில் தமிழில் எழுதி ஒட்டலாம்.